நாயும் வருகிறது, துப்பாக்கியும் வருகிறது: முதலிலேயே சொல்லிவிடுங்கள்

நவம்பரில் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு கேம்பிங் போகலாம் என்று ஐந்து குடும்பங்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். உடனே வாட்ஸப் குழுவில் நான் போட்ட செய்தி இது: “என் நாய் செவலை வருகிறாள். என் கைத்துப்பாக்கியும் வருகிறது, பூட்டிய பெட்டியில். யாருக்காவது சங்கடமாக இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.”

பத்து நிமிடத்தில் ஒரு தோழி போன் செய்தாள். “இதெல்லாம் குரூப்ல போடணுமாக்கா? லைசென்ஸ் இருக்கு. பேசாம எடுத்துட்டு வந்துட்டுப் போக வேண்டியதுதானே?”

போடத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். அவளிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

டாலஸ் பக்கம் குடிவந்து 14 வருடம் ஆகிறது. கணவருக்கு வாரத்தில் நான்கு நாள் வெளியூர் வேலை. பல வார இறுதிகளும் அதிலேயே போய்விடும். அவருக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று 2017-இல் நானே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டென்ட் போடக் கிளம்பினேன். அதே வருடம்தான் நாய்க் காப்பகத்திலிருந்து செவலை வந்தாள். பாதி ஜெர்மன் ஷெப்பர்ட், மீதிப் பாதி என்னவென்று காப்பகத்துக்கே தெரியாது. 30 கிலோ. பிள்ளைகள் எங்கே நகர்ந்தாலும் பின்னாலேயே போவாள்.

துப்பாக்கி அதற்கு அடுத்த வருடம் வந்தது. இந்தியாவில் எங்கள் ஊரில் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் காவலர் மடியில் கிடக்கும் இரட்டைக்குழல்தான். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள்கூடக் கொண்டுபோய் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அப்படி வளர்ந்த எனக்கு இந்த முடிவுக்கு வர மாதக்கணக்கில் ஆனது. செல்போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடம், ஷெரிஃப்பின் போலீஸ் வண்டி வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகலாம், டென்டில் நானும் இரண்டு குழந்தைகளும் மட்டும். இதை நினைத்துத்தான் வகுப்பில் சேர்ந்தேன். சட்டம் படித்து, 3, 7, 15 கஜ தூரங்களிலிருந்து மொத்தம் 50 ரவுண்டு சுட்டுக்காட்டி லைசென்ஸ் வாங்கினேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர்களுக்கு, சட்டப்படி தடை எதுவும் இல்லையென்றால், அந்த லைசென்ஸே தேவையில்லை. ஆனாலும் நான் புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறேன். பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன. அதைவிட, எங்கெல்லாம் எடுத்துப் போகக் கூடாது என்பதை அந்த வகுப்புதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட அதை வெளியே எடுக்க வேண்டி வந்ததில்லை. கிட்டத்தில் வந்தது ஒரே ஒரு இரவு. ஸ்டேட் பார்க் ஒன்றில், மணி இரண்டு இருக்கும். டென்டுக்கு வெளியே சரளைக்கல்லில் காலடிச் சத்தம். செவலை எழுந்து நின்றாள். குரைக்கவில்லை, அடித்தொண்டையில் ஒரு உறுமல் மட்டும். யாரோ டென்ட் துணியைத் தடவி ஜிப்பைத் தேடுகிறார்கள். என் விரல் துப்பாக்கிப் பெட்டியின் பூட்டுப் பொத்தான்மேல் இருந்தது. அப்புறம் அவள் குரைத்தாள், ஒரே ஒரு தடவை. வெளியே ஒரு ஆள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டான். குடித்திருந்தான். அவனுடைய டென்ட் இரண்டு இடம் தள்ளி இருந்தது, நிறமும் எங்களுடையது போலவே. பெட்டியைத் திறக்கவில்லை. விடியும்வரை கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நாய்தான் முதலில், துப்பாக்கி கடைசிக்கும் கடைசியில் என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாகிப்போனது. நாய் இல்லாமல் அது மட்டும் என்னிடம் இருந்திருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

சரி, இரண்டையும் கொண்டுபோக இடம் வேண்டுமே. அங்கேதான் எனக்கு மனத்தாங்கல்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு தனியார் ஆர்.வி. பார்க், அதாவது வீடு மாதிரியான வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம். விளம்பரத்தில் நாய்ப் படம் போட்டு ‘உங்கள் செல்லங்களை வரவேற்கிறோம்’ என்று இருந்தது. இரண்டு இரவுக்குப் பணம் கட்டினோம். வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குப் போய் இறங்கினால், அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடி வழியாகச் செவலையைப் பார்த்துவிட்டு என்ன இனம் என்று கேட்டார். சொன்னேன். ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், பிட்புல், டோபர்மேன் கலப்பு எதுவும் கூடாதாம், காப்பீட்டு நிபந்தனையாம். கதவில் துப்பாக்கிக்கும் தடை ஒட்டியிருந்தது. இரண்டுமே பணம் கட்டும்போது கண்ணில் படவில்லை. பணமும் திரும்பவில்லை. பின்சீட்டில் பசியோடு இரண்டு பிள்ளைகள். இருட்டில் 60 மைல் ஓட்டி ஒரு ஸ்டேட் பார்க்கில் இடம் பிடித்தேன். ரேஞ்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நாய்க்கு ஆறடிக் கயிறு இருக்கிறதா?”

அவர்கள் மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் இடம், அவர்கள் விருப்பம். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் ஃபோர்ட் வில்டர்னெஸ் முகாமில் நாய்க்கென்றே தனிப் பகுதிகள் உண்டு, ஆயுதம் எதுவும் உள்ளே வரக் கூடாது. முன்கூட்டியே தெரிந்ததால் துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போனோம், சந்தோஷமாகத் திரும்பினோம். பணத்தை வாங்கிக்கொண்டு வாசலில் வைத்துச் சொல்வதுதான் பொறுக்க முடியாதது.

அதற்குப் பிறகு இடம் தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். தனியார் இடம் என்றால் நேரே போன். “30 கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு, சட்டப்படி கைத்துப்பாக்கி, இரண்டுக்கும் உங்கள் விதி என்ன?” ஒரே மூச்சில் கேட்டுவிடுவேன். ‘பிரச்சினை இல்லை, வாங்க’ என்றால் போதாது, மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுவேன். டெக்சாஸில் தனியார் இடம் துப்பாக்கியைத் தடுப்பதற்கு உரிய அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. லைசென்ஸ் உள்ளவர் மறைத்து வைத்திருப்பதற்குத் தண்டனைச் சட்டத்தின் 30.06-ஆம் பிரிவு, வெளியே தெரிய வைத்திருப்பதற்கு 30.07. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையாமல் பலகை வைக்க வேண்டும். துப்பாக்கியை ஒதுக்குகிறவர்களுக்கும் சரி, என்னைப் போன்றவர்களுக்கும் சரி, இதுதான் மரியாதை. நாய்க்கும் இப்படி ஒரு பலகை விதி வந்தால் நன்றாக இருக்கும்.

என் அனுபவத்தில் குடும்பத்தோடு போக டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குகளே நிம்மதி. நாய் கயிற்றில் இருந்தால் டென்ட் வரை வரலாம், கேபினுக்குள் வரக் கூடாது. துப்பாக்கிக்கு மாநிலச் சட்டம்தான்.

நேஷனல் பார்க்கில் இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கும். முன்பெல்லாம் அங்கே துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, சட்டென்று எடுக்க முடியாதபடி மூடித்தான் வைக்க வேண்டும். 2009-இல் கிரெடிட் கார்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்த வந்த ஒரு சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, 2010 பிப்ரவரி 22 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். வைத்துக்கொள்ளலாம், சுடக் கூடாது. பார்வையாளர் மையம், ரேஞ்சர் அலுவலகம் போன்ற கூட்டாட்சிக் கட்டடங்களுக்குள் நுழையவும் கூடாது. நாய் விஷயத்தில் பூங்காவுக்குப் பூங்கா வேறு. ஷெனன்டோவாவில் சுமார் 500 மைல் நடைபாதையில் 20 மைலுக்கும் குறைவான பகுதியில்தான் நாய்க்குத் தடை. கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸில் மொத்தமே இரண்டு பாதைகளில்தான் நாய் நடக்கலாம். எங்கள் பிக் பென்டில் ஒரு பாதையில்கூட முடியாது. இதைப் பார்க்காமல் கிளம்பினால் ஒரு ஆள் நாயோடு முகாமிலேயே உட்கார வேண்டியதுதான். காரில் அடைத்துவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டெக்சாஸ் வெயிலில் சில நிமிடத்தில் உயிர் போய்விடும்.

பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது ஏரிக்கரையில். டாலஸைச் சுற்றியுள்ள லவான், லூயிஸ்வில், கிரேப்வைன் ஏரிகள் ராணுவப் பொறியாளர் பிரிவின் கையில் இருப்பவை. 2019-இல் அங்கே ஒரு முகாமுக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில்தான் பார்த்தேன்: வேட்டை, சுடும் திடல் போன்றவை தவிர, எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கூடாது. டெக்சாஸ் லைசென்ஸ் அங்கே உதவாது. இந்த விதியை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. ஐடஹோவில் 2014-இல் ஒரு நீதிமன்றம் இது செல்லாது என்றது. ஜார்ஜியாவின் அலட்டூனா ஏரி வழக்கில் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதிக்கு இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. வக்கீல்கள் வாதாடட்டும். நான் அன்றைக்கே வண்டியைத் திருப்பி, வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஒரே ஏரியில் ஒரு கரை இவர்கள் கையில், இன்னொரு கரை நகராட்சி கையில் இருக்கும். எந்தக் கரையில் டென்ட் போடுகிறோம் என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மாநிலம் தாண்டினால் இன்னும் கவனம் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி நாடு முழுக்கச் செல்லுபடியாகாது. இல்லினாய், நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா எல்லாம் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்பதில்லை. வழியில் கடந்து போவதானால் தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டி, கைக்கு எட்டாத டிக்கியில் வைக்க வேண்டும் என்கிறது 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம்.

நம்மவர்களுக்கு இன்னொன்று. வேலைக்கான எச்-1பி, படிப்புக்கான எஃப்-1 விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். கிரீன் கார்டு வந்தபின்தான் அந்தத் தடை போகும். “ஒரு தடவை கையில பிடிச்சுப் பார்க்கவா, ஒரு போட்டோ” என்று கேட்கிற தம்பிகளுக்கு நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவர்கள் எதிர்காலமே அந்த விசாவில் இருக்கிறது.

இனி அந்த வாட்ஸப் செய்திக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு நாலு குடும்பமாகப் போயிருந்தோம். பிரியாணி அடுப்பில் இருந்தது. தோழியின் ஆறு வயது மகன் டார்ச் லைட் வேண்டும் என்று எங்கள் டென்டுக்குள் போனான். நான் பின்னால் போய்ப் பார்த்தபோது என் பையைக் கவிழ்த்துவிட்டு அந்தக் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான். “ஆன்ட்டி, இதுல டார்ச் இருக்கா?” பெட்டி பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்குத் துப்பாக்கி எட்டும்படி விட்டால் டெக்சாஸில் பெரியவர்கள்மேல்தான் குற்றம். சட்டம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அங்கே ஒரு துப்பாக்கி இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் அவனை எங்கள் டென்டுக்குள் தனியாக விட்டிருக்க மாட்டாள்.

அன்று இரவே அவளிடம் சொன்னேன். அழுதாள். “ஏன்க்கா முன்னாடியே சொல்லல?” என்ற ஒரு கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. மறைத்து எடுத்துப் போகிறவர் கூட வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. ஆர்.வி. பார்க் எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்திருந்தேன். அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியதை நானும் மறைத்திருந்தேன். எட்டு மாதம் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது அந்தப் பெட்டி இரும்புக் கம்பியால் கார் சீட்டின் அடிக்கட்டையோடு கட்டிக் கிடக்கும். இரவு படுக்கும்போதுதான் டென்டுக்குள் வரும். குடிக்கிற இரவில் நான் அதைத் தொடுவதே இல்லை.

நாய்க்கும் இதே நியாயம்தான். நம்மில் பலருக்கு நாய் என்றால் தெருவில் துரத்தியதும் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியும்தான் நினைவுக்கு வரும். “அது ஒண்ணும் பண்ணாது” என்று சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பயம் உண்மையானது. செவலையின் கயிறு யார் கையில், எந்த மரத்தில் கட்டுவேன், ரேபிஸ் ஊசி என்றைக்குப் போட்டது, இதெல்லாம் இப்போது முதலிலேயே குழுவுக்குப் போய்விடும்.

ஹாட் ஸ்பிரிங்ஸைத் தேர்ந்தெடுத்ததும் இதற்காகத்தான். நேஷனல் பார்க்தான், ஆனால் எல்லா நடைபாதையிலும் கயிற்றோடு நாய் நடக்கலாம். ஆர்கன்சாவில் டெக்சாஸ் லைசென்ஸ் செல்லும். கல்ஃபா கார்ஜ் முகாமில் டென்ட் போடுகிறோம். பழைய குளியல் இல்ல வரிசையில் ஃபோர்டைஸ் கட்டடம்தான் பார்வையாளர் மையம். அதற்குள் துப்பாக்கியும் கூடாது, செவலையும் கூடாது. அதனால் பெட்டி காரில் பூட்டியிருக்கும். நாங்கள் முறைவைத்து உள்ளே போய் வருவோம், ஒருவர் செவலையோடு வெளியே மக்னோலியா மர நிழலில் உட்கார்ந்திருப்போம்.

குழுவில் நான்கு குடும்பங்களும் பதில் போட்டுவிட்டார்கள். ஒரு குடும்பம் கொஞ்சம் தள்ளி டென்ட் போட்டுக்கொள்கிறோம், சாப்பாட்டுக்கு மட்டும் சேர்ந்துகொள்கிறோம் என்றது. மனசார சரி என்று சொன்னேன். அந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது. அவன் அம்மா அனுப்பிய பதில்: “பெட்டி எந்த கார்ல இருக்கும்னு மட்டும் சொல்லிடுங்கக்கா. செவலைக்கு சிக்கன் தனியா உப்பில்லாம வேக வெச்சு எடுத்துட்டு வரேன்.”