வில்லி நெல்சன் எங்கே?

சிறந்த றொக், கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) ஆல்பங்கள் பத்தைப் பட்டியல் போட்ட ஒரு கட்டுரையைப் படித்தேன்; ஃபிளீட்வூட் மக் என்ற றொக் குழுவின் ‘ரூமர்ஸ்’ (1977) முதலிடம் என்கிறது அது. சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் கன்ட்ரிக்கு இரண்டே இடம், அதிலும் கன்ட்ரிப் பாடகர் வில்லி நெல்சனின் ‘றெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்’ (1975) இல்லை என்றால் எப்படி? பெரும்பாலும் கிற்றார், பியானோ, கொஞ்சம் ஹார்மோனிக்கா என்று எளிமையான இசைதான். கம்பனிக்காரரே அதை முடிக்காத மாதிரிப்பதிவு என்று நினைத்தார்களாம்.

கன்ட்ரிப் பாடகர் ஜோனி காஷ் சிறைக்குள் கைதிகள் முன் பாடிப் பதிவு செய்த ‘அட் ஃபோல்சம் பிரிசன்’ (1968) இருப்பது சந்தோசம். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்: பாட்டுகளுக்கு இடையில் சிறை ஒலிபெருக்கி கைதிகளை இலக்கம் சொல்லிக் கூப்பிடும். முதற்பாட்டில் ஒருவனைச் சுட்டுக் கொன்றதாக வரும் அடிக்கு எழும் ஆரவாரம் மட்டும் பின்னர் ஒட்டியதாம். (கெட்டிக்காரர்கள்!)

எங்கள் மட்டக்களப்பில் கன்ட்ரி என்றாலே ஜிம் றீவ்ஸ்தான். 1964இல் விமான விபத்தில் போன மனிதர். பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தோர்) வீட்டுக் கலியாணத்தில் பைலா ஆட்டப்பாட்டு ஓய்ந்து ஒரு பெரியவர் கிற்றாரோடு எழும்பினால் இன்றும் அவர் பாட்டுத்தான். அவரும் பட்டியலில் இல்லை.

கிரீடென்ஸ் கிளியர்வோட்டர் ரிவைவல் என்ற றொக் குழு 1969இல் மட்டும் மூன்று ஆல்பம் போட்டது. ஒன்றையாவது சேர்த்திருக்கலாம். என் வாக்கு ‘கிரீன் ரிவர்’ பக்கம்.