முக்காடும் மாறாத உபதேசமும்

போன ஞாயிறு ஆராதனையில் என் அண்ணன் மகள் பைபிளிலிருந்து நிருபம் வாசிக்கப் போனாள். சுடிதார்தான், துப்பட்டா தோளில் கிடந்தது, தலையில் இல்லை. நன்றாகவே வாசித்தாள். முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சபை மூப்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மக்கா, பிள்ளைட்ட சொல்லி வை. காலம் மாறும், உபதேசம் மாறாது." நல்ல மனிதர், என் அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்தவர், அதனால் "சரி பெரியப்பா" என்று வந்துவிட்டேன். வீட்டில் மரச்சீனி அவித்துக்கொண்டிருக்கும்போதுதான் கோபம் வந்தது.

அவர் பிடித்திருப்பது பைபிளில் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம், ஜெபம் பண்ணுகிற பெண் தலையை மூட வேண்டும் என்று பவுல் எழுதியது. இருக்கட்டும். ஆண் முடியை நீளமாக வளர்ப்பது அவனுக்குக் கனவீனம் என்றும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது, பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கிற தம்பியின் குடுமியைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று அதிகாரம் தள்ளி 14:34-இல் பெண்கள் சபையில் பேசவே கூடாது என்று வருகிறது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்களை வாசிக்க விடாததற்கு இந்த வசனத்தைத்தான் காட்டினார்கள். இன்று பெண் வாசிப்பதில் பெரியப்பாவுக்கே ஆட்சேபம் இல்லை, முக்காடுதான் குறை. அப்போ 14-ஆம் அதிகாரம் எந்தக் கமிட்டியில் மாறியது? ஒரு ஞாயிறு வாசிக்க வேண்டியவர் வரவில்லை, ஒரு டீச்சர் எழுந்து வாசித்தார், ஓடு ஒன்றும் பெயர்ந்து விழவில்லை, அவ்வளவுதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் துணிக்கு வேறொரு கதையும் இருக்கிறது. கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற ரவிக்கை போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மேல்சீலை போடக் கூடாது என்று 1829-இல் திருவிதாங்கூர் அரசு சொன்னது. பெரிய கலவரத்துக்குப் பிறகு 1859-இல் வந்த அறிவிப்பு நாடார் பெண்கள் எல்லோரும் மேலே துணி போடலாம் என்றது, அதிலும் "அவர்களைப் போல" கூடாது என்கிற விலக்கு போகவில்லை. அப்படி அடிபட்டு வாங்கிய சீலையைத் தலை வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போன என் பூட்டிக்கு அது அடக்கமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தஸ்து. அண்ணன் மகளுக்கு அதே துணி வெறும் கட்டளை.

"அது பழக்கம், உபதேசம் வேறு" என்று சிலர் கமெண்டில் வருவீர்கள், தெரியும். திரித்துவம், உயிர்த்தெழுதல் இதையெல்லாம் யாரும் தொடவில்லை, விசுவாசப் பிரமாணம் நானும்தான் சொல்கிறேன். ஆனால் மாறுகிற வரைக்கும் உபதேசம் என்கிறோம், மாறிய பிறகு அது பழக்கமாக இருந்தது என்கிறோம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்களுக்கு உடலைத் தகனம் செய்வது 1963 வரை தடை, அப்புறம் அனுமதி. அதற்கும் முன்னே போனால் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 15, புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவான இடம். விருத்தசேதனம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று சொன்னவர்கள் பழக்கத்தைப் பற்றியா பேசினார்கள்?

மாறுவதெல்லாம் நல்லது என்றும் சொல்லவில்லை. விதைத்தால் நூறு மடங்கு என்று பணக் காணிக்கை கேட்கிற செழிப்புப் பிரசங்கமும் நம் காலத்தில் வந்து ஒட்டியதுதான். மாற வேண்டிய சீதனமோ பவுன் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு ஒரு வசனமும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எனக்குச் சிரிப்பு வருகிற இடம் வேறு. நம்ம பக்கத்து மயிலாடிக்கு 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தது லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில். சபை அமைப்பு எது என்பதை அந்தந்த ஊரில் விசுவாசத்துக்கு வருகிறவர்களே தீர்மானிக்கட்டும் என்று 1796-லேயே எழுதி வைத்துக்கொண்ட சங்கம் அது. பெரியப்பாவின் தாத்தா காலத்தில் இங்கே நமக்குப் பேராயரே, அதாவது பிஷப்பே, கிடையாது. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபை ஆனபோதுதான் பேராயர் வந்தார். அன்றைக்கும் இது வேதத்துக்கு ஒத்ததா என்று சண்டை போடாமலா சேர்ந்திருப்பார்கள்? இன்று பேராயர் வருகிறார் என்றால் வாசலில் முதல் ஆளாக மாலையோடு நிற்பது பெரியப்பாதான்.

வருகிற செப்டம்பர் 27-க்கு ஐக்கியத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசப் போகிறவரும் அவர்தானாம். முன் பெஞ்சில் இடம் பிடித்து வைக்க அண்ணன் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.