பொன்னம்பலத்துக்கு என்ன குறை?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் இப்போதெல்லாம் பிள்ளை பிறந்தால், 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு முன்பே எண்சாத்திரக்காரரிடம் பெயர் வாங்கிவிடுகிறார்கள். நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும், கூட்டினால் நல்ல எண் வர வேண்டும், முடிந்தால் ஒரு ‘ஷ்’ இருக்க வேண்டும். அர்த்தம் கேட்டால், “ஸ்டைலா இருக்குத்தானே” என்கிறார்கள்.

பொன்னம்பலம் என்று பேரனுக்குப் பெயர் வைத்த ஒருவரையும் அண்மையில் நான் காணவில்லை. ‘பொ.’ என்ற முதலெழுத்தாக மட்டும் சிலரிடம் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அதில் மனவருத்தம்தான்.

அந்தப் பெயர் சிதம்பரத்தில் நடராசர் ஆடும் சபை. கூரைக்குப் பொன் வேய்ந்ததால் பொன்னம்பலம்; வேய்ந்தவர்களில் சோழன் முதலாம் பராந்தகனும் ஒருவன். அதையே வடமொழியில் சொன்னால் கனகசபை. அங்கே ஆடுகிறவர் அம்பலவாணர், சபாபதி, சபாநாதன், நடராசா. ஊரின் பழம்பெயர் தில்லை, அதிலிருந்து தில்லைநாதன், தில்லையம்பலம். நம் அப்பப்பாமாரின் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், எத்தனை பேர் ஒரே கோயில் வாசலில் நிற்கிறார்கள் என்று! தேவாரத்தைத் திருச்சிற்றம்பலம் சொல்லித் தொடங்கி, திருச்சிற்றம்பலம் சொல்லி முடிக்கிற சனம் வேறு என்ன பெயர் வைத்திருக்கும்? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இங்கிருந்து போய் 1864இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடமே தொடங்கினார்.

கொழும்புக்கு இந்தப் பெயர் இன்னும் நெருக்கம். கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கட்டுவித்தவர் பொன்னம்பல முதலியார். பிறகு கருங்கல்லில் எழுப்பியவர் மகன் சேர் இராமநாதன். அங்கே சுவாமிக்கும் பொன்னம்பலவாணேசர் என்றுதான் பெயர். தகப்பன் பெயரில் சிதம்பரம், இராமநாதன் பெயரில் இராமேசுவரம், தம்பி அருணாசலம் பெயரில் திருவண்ணாமலை. அந்த வீட்டில் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டாலே தலயாத்திரை முடிந்திருக்கும்!

ஒரு தயக்கம் மட்டும் எனக்கு விளங்குகிறது. இந்தப் பெயரின் முதற்பாதி சிங்களத்தில் ஒரு கெட்ட கேலிச் சொல்போல ஒலிக்கும். பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் அதைக் கேட்டுக் குறுகினவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அது வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தால் நான் வாதாட மாட்டேன். (அதே சிங்களத்தில் அம்பலம என்றால் வழிப்போக்கர் தங்கும் மடம். பிற்பாதிக்கு அங்கேயும் மரியாதைதான்.)

சரி, பொன்னம்பலம் வேண்டாம். அம்பலவாணன் இருக்கிறதே, சபேசன் இருக்கிறதே. சபேசன் சின்னப் பெயர், கேலிக்கும் அகப்படாது. எண் பொருந்தாவிட்டால் ஆங்கில எழுத்தில் ஒரு ‘ஏ’யைக் கூட்டி எழுதுங்கள். இப்போதும் எல்லாரும் அதைத்தானே செய்கிறீர்கள்?