பாண் ஓட்டோவும் பர்ஸும்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பேத்தோவன் வருவார், ஓட்டோவில். 1810இல் பியானோவுக்கென்று அவர் எழுதிய 'ஃபூர் எலீஸ்' இந்த ஊரில் பாண் விற்கும் மெட்டு. ஒரு கலியாண வீட்டில் சின்னப் பிள்ளையொன்று அதைப் பிழையில்லாமல் வாசித்தது. பக்கத்தில் இருந்த மாமி என் காதுக்குள், "மாலு பாண் ஞாபகம் வருது" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் வாயூறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மெட்டைக் கேட்டால் எனக்குச் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸும் ஞாபகம் வருவார். 1839இல் பிறந்த அமெரிக்க மெய்யியலாளர். (எழுத்தைப் பார்த்துப் பியர்ஸ் என்பவர்கள் உண்டு, உச்சரிப்பு பர்ஸ்தான். பெயரில் மட்டும்தான் பர்ஸ். கடைசிக் காலத்தில் மனுசனுக்குச் சரியான வறுமை.) அமெரிக்கக் கரையோர அளவைத் துறையில் முப்பது வருடமளவு வேலை பார்த்தவர், ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பை அளந்தவர்.

ஏதோ ஒன்றை நமக்கு உணர்த்தும் எதுவும் குறிதான். குறிகளை அவர் மூன்றாகப் பிரித்தார். அதை விளங்கிக்கொள்ள எங்கள் பாண் ஓட்டோவே போதும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பணிஸ் படம் பணிஸ் மாதிரியே இருக்கிறது, அது உருவக்குறி. மெட்டின் சத்தம் கூடினால் வண்டி கிட்ட வருகிறது, குறைந்தால் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது. அந்தக் கூடல் குறைச்சல் சுட்டுக்குறி, புகை நெருப்பைக் காட்டுவதுபோல. ஆனால் அந்த மெட்டுக்கும் பாணுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. பழகிவிட்டோம், அவ்வளவுதான். பழக்கத்தால் மட்டும் நிற்பதைக் குறியீடு என்றார். சொற்களும் அந்த வகைதான்.

"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஏன் அந்தப் பொருள் என்பது பார்த்தவுடன் தெரியாது. எல்லாம் எங்களிடம் முதலே இருந்தது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அப்படி மார்தட்டுவது எனக்கு அலுத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது என்று பார்க்கப் பிடித்திருக்கிறது.

இலக்கியக் கூட்டங்களில் குறி என்றவுடன் மொழியியலாளர் சசூரைத்தான் இழுப்பார்கள். குறிப்பான் என்றால் சொல்லின் ஒலி, குறிப்பீடு என்றால் அது தரும் கருத்து, இரண்டோடு கணக்கு முடிந்தது. எனக்கு அது போதவில்லை. பர்ஸ் மூன்றாவதாக ஒன்றை வைத்தார்: அந்தக் குறி நமக்குள் எழுப்பும் விளைவு. அதைப் பொருள்கோள் என்று சொல்லிக்கொள்கிறேன், இலக்கண வாத்தியார்கள் மன்னிக்கட்டும். அது ஓர் எண்ணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓர் உணர்ச்சியாக இருக்கலாம், உடம்பின் ஓர் அசைவாக இருக்கலாம், ஊறிப்போன பழக்கமாகவும் இருக்கலாம். கொழும்பில் இருக்கும் தமிழருக்கு இந்தப் பொருள்கோளை யாரும் வகுப்பெடுத்து விளக்கத் தேவையில்லை.

பொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும்போது அது மங்கலம். 1983 ஜூலைக் கலவரத்தில் அதே பொட்டை அழித்துவிட்டு வீதியில் இறங்கிய பெண்கள் எத்தனை பேர். வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று கேட்டு, வாயில் வரும் ஒலியை வைத்து ஆளைப் பிரித்த கதைகளையும் எங்கள் வீடுகளில் கேட்டுத்தான் வளர்ந்தோம். பொட்டு மாறவில்லை, சொல் மாறவில்லை. பார்க்கிறவன், கேட்கிறவன் மாறினான். குறிப்பான், குறிப்பீடு என்று இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பேசினால், அந்த ஆள் எங்கே போனான் என்று நான் கேட்பேன்.

அப்புறம் அடையாள அட்டை. அடையாளம் என்ற சொல்லே குறிதான். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் அதில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு இன்னொருமுறை முகத்தைப் பார்ப்பார்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சுட்டுக்குறிக்குப் பர்ஸ் தரும் உதாரணங்களில் ஒன்று கதவு தட்டும் சத்தம். வெளியே யாரோ நிற்கிறார்கள், கவனி என்கிறது. அதற்குமேல் அது ஒன்றும் சொல்வதில்லை.

போன கிழமை இரவு பத்தரைக்கு எங்கள் கதவைத் தட்டினார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்த என் மகள், யார் என்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய்த் திறந்தாள். மேல்மாடிப் பெடியன், தண்ணி மோட்டரை நிறுத்தச் சொல்லி வந்திருந்தான். திரும்பிப் பார்த்தேன். அம்மா ரீவியை நிறுத்திவிட்டு அலுமாரிக்கு முன்னால் நின்றார், கையில் எங்கள் எல்லோருடைய அடையாள அட்டைகளும்.