"வித்தியாசமா ஏதாவது ஆல்பம் சொல்லேன்"

இனிமே யாராவது இப்படிக் கேட்டா, எனக்குக் காதே கேக்காதுன்னு சொல்லிடப் போறேன்.

நாமளும் வெள்ளந்தியா நம்பி, ராத்திரி 2 மணி வரைக்கும் யோசிச்சு, 1970-கள்ல வந்த எத்தியோப்பிய ஜாஸ் ஒண்ணு, சஹாரா பாலைவனத்து துவாரெக் மக்களோட கிட்டார் இசை ஒண்ணு, ஒரே தொண்டையில ஒரே நேரத்துல ரெண்டு சுருதி எழுப்புற சைபீரியாவோட துவா மக்களோட பாட்டு ஒண்ணுன்னு அனுப்புவோம். பதில்? ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழிச்சு "கேட்டியா?"ன்னா, "சேவ் பண்ணி வச்சிருக்கேன்டா." எதுக்கு, பேரனுக்கா?

இன்னொருத்தர் நிஜமாவே கேட்டுட்டாராம். எப்படி? ஷஃபிள்ல! எல்பி ரெக்கார்டுல ஒரு பக்கத்துக்கு 20 சொச்சம் நிமிஷம்தான். அதுக்குள்ள எந்தப் பாட்டுல தொடங்கி எதுல முடிக்கணும்னு கலைஞர்கள் மண்டைய உடைச்சு அடுக்கினதை, இவர் சோழி மாதிரி உருட்டிக் கேட்டாராம். "ஆரம்பம் கொஞ்சம் ஸ்லோ"ன்னு விமர்சனம் வேற. 8 நிமிஷப் பாட்டுல 40 விநாடி கேட்டவருக்கு ஆரம்பம் மட்டும்தானே தெரியும்! தொண்டைப் பாட்டு, ஃபோன் வைப்ரேட் ஆகுற மாதிரி இருக்காம்.

சரி, மனுஷனை விடு, ஆப்பை நம்பலாம்னா? தூக்கம் வராம ஒரே ஒரு தடவை மழைச் சத்தம் போட்டேன். ஆறு மாசமா "உங்களுக்காகவே"ன்னு இடி, காத்து, தவளை.

நேத்து அந்த சேவ் பண்ணினவன் கூப்பிட்டான். "டேய், செம ஆல்பம் ஒண்ணு கண்டுபிடிச்சேன், நீ கேட்டிருக்கவே மாட்ட!" லிங்க்கைத் திறந்தேன். நான் அனுப்பின அதே எத்தியோப்பியா.