முதுகு பிரேஸ் அணிபவர்கள் தற்காப்புக் கலை பயிலக் கூடாதா? – உண்மை விளக்கம்

ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்புப் பக்கவளைவு உள்ள பிள்ளைகள் கராத்தே, ஜூடோ போன்றவற்றைப் பயின்றால் வளைவு அதிகரிக்கும் என்றும், பிரேஸை (வளைவைக் கட்டுப்படுத்த உடலைச் சுற்றி அணியும் கடினமான தாங்கியை) கழற்றிப் பயிற்சி செய்தால் சிகிச்சையே வீணாகும் என்றும் பரவும் செய்தி தவறானது.

இவ்வகை வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னதென்று அறியப்படவில்லை. விளையாட்டோ, கனமான பையோ அதை உண்டாக்குவதில்லை. வளரும் வயதில், வளைவு பொதுவாக 25 முதல் 40 பாகை வரை இருக்கும்போது, அது மேலும் கூடாமல் தடுக்கவே பிரேஸ் அணிவிக்கப்படுகிறது. 2013இல் வெளியான ஆய்வொன்றில் பிரேஸ் சிகிச்சை பெற்றோரில் 72 விழுக்காட்டினருக்கும், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 48 விழுக்காட்டினருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவை வளைவு எட்டவில்லை. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அணிகிறோம் என்பதே அதில் முக்கியமாக இருந்தது. ஆகவே, மருத்துவர் குறித்த நேரம் முழுவதும் அணிந்தால், ஒரு மணி நேரப் பயிற்சிக்காகப் பிரேஸைக் கழற்றுவது பெரும்பாலும் அனுமதிக்கப்படுகிறது. கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், சண்டைப் பயிற்சியில் எதிரே நிற்பவரின் நலன் கருதியும் கழற்றுவது நல்லது.

எனினும், முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை (முதுகெலும்புகளை ஒன்றோடொன்று இணைப்பது) செய்துகொண்டவர்கள், எறிந்து வீழ்த்தும் பயிற்சிகளுக்குத் தங்கள் அறுவை மருத்துவரின் ஒப்புதலை அவசியம் பெற வேண்டும். ஒரு பிள்ளையின் விருப்பமான கலையை வெறும் வதந்தியை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.