உருகி வந்த முப்பது எலிகள்

சென்னையிலிருந்து கடலூருக்கு இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. அந்தத் தூரத்தைக் கடந்து, நான் வளர்க்கும் பாம்புக்கு இரையாக வாங்கிய உறைந்த எலிகளின் பார்சல் மஞ்சக்குப்பம் வந்துசேர மூன்று நாளாயிற்று. பிரித்துப் பார்த்தால், கல்லாக உறைந்திருக்க வேண்டிய முப்பது எலிகளும் விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு உருகிக் கிடந்தன. ஜெல் பைகள் வெதுவெதுப்பாக இருந்தன. பெட்டியின் அடியில் இரத்தம் கலந்த நீர் தேங்கியிருந்தது. சிலவற்றின் வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. விற்றவரை அழைத்துச் சொன்னேன். "ஒன்றும் ஆகாதுங்க, திரும்ப ஃப்ரீசரில் போட்டு வையுங்க, கல்லாகிவிடும்" என்றார். அந்த ஒரு பதில்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

கல்லாகிவிடும், உண்மைதான், ஆனால் உள்ளே கெட்டுப்போனது கெட்டுப்போனபடியேதான் கல்லாகும். பாம்புக்கு உறைய வைக்கும் எலி, குடல்கூட நீக்கப்படாத முழு உடல். அது உருகினால் முதலில் அழுகுவது அந்தக் குடல்தான். குளிர் கிருமிகளைப் பெருகவிடாமல் நிறுத்தி வைக்குமே தவிர, அவற்றைக் கொன்றுவிடாது. எலியை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாதென்றால் அவர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கக் கூடாது. தெரிந்தே சொன்னார் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

இதன் விலையை நான் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன்பு இதேபோல லேசாக இளகி வந்த ஒரு பொட்டலத்தை, ஒருநாள் தாமதம்தானே என்று நம்பி உறைய வைத்து, அதிலிருந்து ஓர் எலியைப் பாம்புக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் அது பாதி செரித்த நிலையில் கூண்டுக்குள் கிடந்தது. வீடு முழுக்க நாற்றம். பாம்பு இரையைக் கக்குவது குழந்தை பாலைக் கக்குவது போன்றதன்று. இரையோடு செரிமான அமிலமும் வெளியேறித் தொண்டை புண்ணாகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் பட்டினி போட்டு, பிறகு வழக்கமானதைவிடச் சிறிய இரையாகக் கொடுத்துத்தான் அதைத் தேற்ற வேண்டும். 420 கிராம் இருந்த என் 'பால் பைத்தான்' (ball python) மலைப்பாம்பு 380 கிராமுக்கு இறங்கியது. வளர வேண்டிய வயதில் அது இழந்த அந்த 40 கிராமுக்கு யார் பொறுப்பு?

"வயலில் சாரை எலி பிடித்துத் தின்னவில்லையா, இதற்கு மட்டும் ஏன் ஐஸ் எலி?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சாரையை யாரும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. என்னிடம் இருப்பது ஆப்பிரிக்க இனம். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து வளர்க்கிறேன். வயல் எலியைப் பிடித்துப் போட்டால் அது எந்த மருந்தைத் தின்றிருந்ததோ தெரியாது. உயிருள்ள எலியை உள்ளே விட்டால் மூலையில் அகப்பட்ட அது பாம்பையே கடித்துக் குதறிவிடும். ஆகவே உறைந்த எலிதான் வழி. அதையும் ஒரு நாள் முன்பே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, காற்றுப் புகாத பையோடு வெந்நீரில் அமிழ்த்தி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். மேலுதட்டில் உள்ள குழிகளால் வெப்பத்தை உணர்ந்து இரையைக் கண்டுகொள்ளும் உயிர் அது. குளிர்ந்த எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நான் என் பங்கில் குறை வைக்கவில்லை. சாம்பார்ப் பொடியும் மீனும் இருக்கும் ஃப்ரிட்ஜில் எலி கூடாது என்று அம்மா சொன்னது முழுக்க நியாயம். எலியில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். அதற்காகவே தனியாக ஒரு சிறிய ஃப்ரீசர் வாங்கினேன். மின்சாரம் போனால் நிரம்பிய ஃப்ரீசர் திறக்காதவரை இரண்டு நாள் தாங்கும், பாதி காலியாக இருந்தால் ஒரு நாள்தான் தாங்கும் என்பதால், காலி இடமெல்லாம் தண்ணீர்ப் புட்டிகளை உறைய வைத்து அடுக்கியிருக்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு எங்கள் ஊர் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்பது நினைவிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடையை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அறிவிப்பே இல்லாமல் என் இரையை உருக்குவது அந்த மூன்று நாள் பயணம் ஒன்றுதான்.

இதெல்லாம் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு வந்து பார்க்கட்டும். உடைத்த ஐஸையும் மீனையும் அடுக்கடுக்காகத் தெர்மாகோல் பெட்டியில் போட்டு, மூடி, நாடா ஒட்டி வெளியூர் வண்டியில் ஏற்றுகிறார்கள். அங்கே மீன் விற்கும் அக்காக்கள் செவுளைத் தூக்கிப் பார்த்தே எது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவார்கள்; இளகிய மீனை அவர்களிடம் கொடுத்து மறுபடி ஐஸில் போடச் சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும். அந்த அக்கறையில் கால்பங்கு போதும் எனக்கு: தடித்த பெட்டி, போதுமான ஐஸ், சனிக்கிழமை அனுப்பி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்கவிடாமல் திங்கட்கிழமை அனுப்புவது, பொட்டலத்தின் மேல் எலியின் எடையைக் கிராமில் எழுதுவது. "பெரியது" என்று எழுதியிருந்த பையில் 18 கிராம் எலியும் 31 கிராம் எலியும் சேர்ந்து கிடந்தால், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு இரை கொடுக்கிறவர் என்னதான் செய்வார்?

பணத்தைத் திருப்பித் தரக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. முப்பதையும் கொல்லையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். பழைய இருப்பில் நல்ல எலி இன்னும் இரண்டு இருக்கின்றன. வியாழக்கிழமை ஒன்று, அடுத்த வியாழக்கிழமை ஒன்று. அதற்குள் வேறு ஓர் ஆளைக் கண்டுபிடித்து, சென்னைக்கு நானே பேருந்தில் போய், மீன் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்து வரப் போகிறேன்.